உஷார்! கீரைக்கட்டோடு வீட்டுக்குள் வருகிறது மருந்துக்கு அடங்காத கிருமி

ரசத்தை இறக்கியதும் மேலே கிள்ளிப் போடும் கொத்தமல்லி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயப் பச்சடி, பானிபூரிக் கடையில் புதினா அரைத்துக் கலக்கும் பச்சைத் தண்ணீர். இந்த மூன்றும் அடுப்பைப் பார்ப்பதில்லை. வயலில் எந்தத் தண்ணீர் பாய்ந்ததோ, அந்தத் தண்ணீரில் இருந்த கிருமி உயிரோடு நம் வயிற்றுக்குள் இறங்க இந்த ஒரு வழி போதும்.

கிருமி என்றால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, ஒரு கோர்ஸ் மாத்திரை, அப்புறம் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை காலம் இருந்தோம். அந்தத் தைரியத்துக்கு இனி இடமில்லை. இன்று சாக்கடையிலும் ஆற்றிலும் வாய்க்காலிலும் மிதக்கும் கிருமிகளில் ஒரு பங்கு, நம் கையில் இருக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டு அஞ்சுவதில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்தது சந்தைக்கு வருகிறது, சந்தையிலிருந்து நம் சமையலறைக்கு வருகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் குடியிருப்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனத்தோடு படியுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆர், ஆர், ஆர்...

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டார். குறையவில்லை. டாக்டரிடம் போனார், அவர் மாத்திரையை மாற்றினார். காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டன. அதற்குப் பிறகுதான் சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள்.

வந்த ரிப்போர்ட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் மருந்துகளின் பெயர், வலப்பக்கம் ஒற்றை ஆங்கில எழுத்து. ஆம்பிசிலின் – ஆர். சிப்ரோஃப்ளாக்சசின் – ஆர். கோட்ரைமாக்சசோல் – ஆர். செஃப்ட்ரியாக்சோன் – ஆர். 'ஆர்' என்றால் ரெசிஸ்டன்ட். அந்த மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. தாளின் அடியில் அமிகாசின், மெரோபெனம் என்று சிலவற்றுக்கு நேராகத்தான், மருந்து கேட்கும் என்பதற்கான 'எஸ்' இருந்தது. அவை இரண்டும் ஊசி மருந்துகள். வீட்டில் மாத்திரையோடு முடிய வேண்டிய நீர்க்கடுப்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நரம்பு வழியே மருந்து ஏற்றும் நிலைக்குப் போனது.

அந்தக் கிருமி எங்கிருந்தோ வந்த புதுக் கிருமி இல்லை. ஈ.கோலி. உங்கள் குடலிலும் என் குடலிலும் எப்போதும் குடியிருப்பது. கழிப்பறை வழியாகச் சாக்கடைக்குக் கோடிக்கணக்கில் போய்ச் சேருவது.

இது ஒரு வீட்டுக் கதையோடு நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய மருத்துவமனைகளிலிருந்து ஆண்டுதோறும் இந்தக் கணக்கைத் திரட்டுகிறது. இமிபெனம் என்ற மருந்து மெரோபெனம் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்ற மருந்துகள் கைவிட்டபின் டாக்டர்கள் எடுப்பது. நோயாளிகளிடம் கிடைத்த ஈ.கோலியில் இமிபெனத்துக்கு அடங்காதவை 2016-ல் 14 சதவீதம். 2021-ல் 36 சதவீதம். ஐந்தே ஆண்டுகளில் இரண்டரை மடங்கு! உலகம் முழுக்க 2019-ம் ஆண்டில் மட்டும் 12.7 லட்சம் பேர் நேரடியாக இத்தகைய கிருமிகளால் இறந்தார்கள் என்று 'லான்செட்' இதழில் 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சென்னை அன்றே எச்சரித்தது

இந்த ஆபத்தை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம், ஸ்வீடனில் ஒரு புதுவகைக் கிருமியைக் கண்டார்கள். கார்பபெனம் எனப்படும் கடைசிக்கட்ட மருந்துகளையே உடைத்துப்போடும் நொதியை உண்டாக்கும் மரபணு அதற்குள் இருந்தது. என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதிய குழுவின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆய்வு வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற ஊர்களில் 73 கிடைத்தன என்று அந்தக் கட்டுரை பட்டியலிட்டது. நாட்டுக்குக் கெட்ட பெயர் என்று அப்போது எழுந்த கூச்சலில், விஷயம் அமுங்கிப்போனது.

அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு வந்தது. டெல்லியில் தெருவில் தேங்கிய நீர், ஓடைநீர் என 171 மாதிரிகளை எடுத்ததில் 51-ல் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. குடிநீர்க் குழாய்களில் பிடித்த 50 மாதிரிகளில் இரண்டிலும் இருந்தது. காலராக் கிருமியிலும், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவிலும் அது ஏறி உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் மட்டும் தேடிக்கொண்டிருந்த கிருமி, தெருத் தண்ணீருக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சென்னை மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்களை இங்கே கூட்டி, ஆன்டிபயாடிக் மருந்துகளைக் காப்பாற்ற 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு வழித்தடம் வகுத்தார்கள். அதற்கு முன்னின்றவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். இதே மருத்துவரும் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு நம் அடுப்படிக்கே வந்துவிட்டது. கொலிஸ்டின் என்பது எல்லா மருந்தும் தோற்றபின் போடும் ஊசி. அதற்கும் அடங்காத கிருமிகளை அவர்கள் நம் நாட்டு உணவு மாதிரிகளில் கண்டார்கள். இறைச்சி, மீனோடு காய்கறி, பழங்களும் அந்த மாதிரிகளில் இருந்தன.

ஆற்றுக்குள் என்ன நடக்கிறது?

நாம் போடும் ஆன்டிபயாடிக் முழுவதும் உடம்பிலேயே கரைந்துவிடுவதில்லை. அமாக்சிசிலின் போட்டால் பாதிக்கும் மேல் மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். வீடுகள், ஆஸ்பத்திரிகள், மாட்டுக் கொட்டகைகள், கோழிப் பண்ணைகள் என எல்லா இடத்திலிருந்தும் மருந்தின் எச்சம் சாக்கடைக்குப் போகிறது. கூடவே, மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகளும் போகின்றன.

சாக்கடையில் பலவகைக் கிருமிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. மருந்தை வெல்லும் மரபணுவைப் பல கிருமிகள் பிளாஸ்மிட் எனும் சிறு வளையத்தில் வைத்திருக்கும். பரீட்சை ஹாலில் பிட்டை அடுத்த பெஞ்சுக்குத் தள்ளுவது போல, ஒரு கிருமி அதைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். வாங்கும் கிருமி வேறு இனமாக இருந்தாலும் தடையில்லை. இப்படித்தான் ஒரு நோயாளியின் குடலில் இருந்த எதிர்ப்புத் திறன் காலராவுக்கும் சீதபேதிக்கும் கைமாறுகிறது.

இதெல்லாம் எந்த ஊர்ச் சாக்கடையிலும் நடப்பதுதான். வட சென்னையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அது உலோகம்.

செம்பு, துத்தநாகம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை கிருமிகளுக்கும் விஷம். அந்த விஷத்தைத் தாங்கும் மரபணுவும், ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் பல கிருமிகளில் ஒரே பிளாஸ்மிட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. உலோகம் கலந்த நீரில் முதல் மரபணு இருக்கும் கிருமி பிழைக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவதும் பெருகுகிறது. ஒரு மாத்திரைகூட விழாத தண்ணீரிலும் மருந்தை வெல்லும் கிருமி வளரும் என்பது இதன் பொருள். மணலித் தொழிற்பேட்டையின் வடிகால் ஒரு பக்கம், அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் படிந்த சாம்பல் ஒரு பக்கம், நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு பக்கம். இவை அத்தனையும் வந்து கூடும் இடம் எண்ணூர் முகத்துவாரம். மனிதக் கழிவும் ஆலைக் கழிவும் இப்படி ஒன்றாகச் சேரும் இடங்களைத்தான் எதிர்ப்புக் கிருமிகளின் விளைநிலம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் வந்து வீட்டுச் சுவர்களில் கறுப்பாய் ஒட்டியபோது ஊரே திரண்டது. அதே மாத இறுதியில் அம்மோனியா கசிந்து மூச்சு முட்டியபோதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, அம்மோனியா மூக்கைத் துளைத்தது. கிருமிக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. அந்த வெள்ளத்தில் சாக்கடையும் சேர்ந்துதான் வீடுகளுக்குள் புகுந்தது. அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

வயலுக்கு எப்படி வருகிறது?

கொசஸ்தலை ஆற்றைப் பூண்டியில் 1944-ல் அணை கட்டி மடக்கினார்கள், நகரத்தின் தாகம் தீர்க்க. மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் அணைக்குக் கீழே நல்ல தண்ணீர் அதிகம் இறங்குவதில்லை. அந்த இடத்தை ஊர்களின் கழிவுநீர் பிடித்துக்கொள்கிறது. மீஞ்சூருக்கு அருகே வல்லூர் அணைக்கட்டு அந்த ஆற்று நீரைத் தேக்கிப் பாசன வாய்க்கால்களுக்குத் திருப்புவதற்காகக் கட்டப்பட்டது. அணைக்கட்டைத் தாண்டினால் உப்புத் தண்ணீர்.

"கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். மீஞ்சூர் வட்டாரத்தில் நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் பல்லாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. 1970-களிலிருந்தே இது தெரிந்த கதை. கிணறு உப்புக் கரித்த விவசாயி, வாய்க்காலில் எது ஓடுகிறதோ அதைத்தான் பாய்ச்சுவார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கூடை வைத்துக் கீரை விற்கும் ஆயாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஆயா, இது எந்தத் தண்ணியில வெளைஞ்சது?"

"மழ பெஞ்சா ஏரித் தண்ணி கண்ணு. இல்லேன்னா கால்வாத் தண்ணிதான். வேற இன்னா பண்றது? ஆனா நல்லா அலசித்தான் எடுத்தாறாங்க."

"எதுல அலசுறாங்க?"

"அதே தண்ணியிலதான்."

ஆயா எதையும் ஒளிக்கவில்லை. சட்டப்படி அவரோ விவசாயியோ எந்த விதியையும் மீறவும் இல்லை. ஏனென்றால், மீறுவதற்கு விதியே இல்லை! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை அதன் பயன்பாட்டை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. இரண்டாம் வகுப்பு குளிப்பதற்கான நீர். அதில் 100 மில்லியில் கோலிஃபார்ம் கிருமிகள் 500-க்கு மேல் போகக் கூடாது. ஐந்தாம் வகுப்பு பாசன நீர். அதற்கு அமில–காரத் தன்மை, உப்பு, சோடியம், போரான் ஆகியவற்றுக்கு மட்டும்தான் அளவு சொல்லியிருக்கிறார்கள். கிருமிக்கு வரம்பே கிடையாது. பயிர் கருகாமல் இருந்தால் சரி. அந்தப் பயிரைப் பச்சையாகத் தின்னும் மனிதனைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு வரி இல்லை. பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிக்கு 1,000 மலக்கிருமிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே சொல்லிவிட்டது.

இங்கே என் நெஞ்சு கொதிக்கும் இன்னொரு விஷயம். இதே வட சென்னையில், கொடுங்கையூரில், கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, ஆர்.ஓ. வரை கொண்டுபோகும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அந்தத் தண்ணீர் மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. கழிவுநீரைச் சுத்தமாக்கும் தொழில்நுட்பம் நம் தெருமுனையிலேயே இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. பாய்லருக்கு அந்தத் தண்ணீர் கிடைக்கிறது. கொத்தமல்லிக்குக் கிடைக்கவில்லை.

"நமக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

இதைச் சொல்லித்தான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். இந்தக் கிருமி உள்ளே போனதும் நோய் வந்தாக வேண்டும் என்பதில்லை. சத்தமில்லாமல் குடலில் தங்கிவிடும். என்றைக்கோ நீர்க்கடுப்பு வரும்போது, பிரசவத்தின்போது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு, சர்க்கரை ஏறிப் புண் ஆறாதபோது அது தலைதூக்கும். அன்றைக்குத்தான் தாளில் 'ஆர், ஆர், ஆர்' என்று வரும்.

நெதர்லாந்தில் வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 2,000 பேரை, போகும் முன்பும் திரும்பிய பின்பும் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. தெற்காசியாவுக்கு வந்து போனவர்களில் 75 சதவீதம் பேர் இ.எஸ்.பி.எல். எனும் எதிர்ப்பு வகைக் கிருமியைக் குடலில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரம் வந்து போனவர்களுக்கே இந்தக் கதி என்றால், பிறந்ததிலிருந்து இங்கேயே உண்டு வாழும் நம் நிலை என்ன?

காய்கறி வழியாக இது கொத்துக் கொத்தாகக் கொல்லவும் கூடும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. 2011 மே மாதத்தில் அங்கே திடீரென்று ரத்தப் பேதியும் சிறுநீரகச் செயலிழப்பும் பரவின. நோயுற்றவர்கள் சுமார் 3,800 பேர், இறந்தவர்கள் 50-க்கும் மேல். முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள். தேடித் தேடிக் கடைசியில் பிடிபட்டது, சாலட்டில் பச்சையாகத் தூவிய முளைகட்டிய வெந்தயம். அதிலிருந்த ஈ.கோலி, பல ஆன்டிபயாடிக்குகளை எதிர்க்கும் இ.எஸ்.பி.எல். வகை. சுகாதாரத்தில் பெயரெடுத்த நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது.

தண்ணீரில் இறங்கினாலே போதும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. பிரிட்டனில் 2018-ல் வெளியான ஆய்வில், அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களின் குடலில் எதிர்ப்பு ஈ.கோலி இருந்தது 9 சதவீதம். கடலில் இறங்காதவர்களிடம் 3 சதவீதம். எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கும் நம் ஜனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இறங்குவது விளையாட இல்லை, வயிற்றுப் பிழைப்புக்காக.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியவை

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் கழிவுநீர்ப் பாசனம் பற்றி விரிவான வழிகாட்டி வெளியிட்டது. எதைச் செய்தால் கிருமி எவ்வளவு குறையும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நம் வீட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான்:

தண்ணீரில் நன்றாகக் கழுவினால் பத்தில் ஒரு பங்கு கிருமி மிஞ்சும். கிருமிநாசினி கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் நூற்றில் ஒரு பங்கு. தோல் சீவினாலும் நூற்றில் ஒரு பங்கு. நன்றாக வேகவைத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட நிற்பது கடினம்.

அடுப்புக்கு இணை எதுவும் இல்லை. ஆகவே:

1. கீரை சாப்பிடுவதை நிறுத்தாதீர்கள். கூட்டு, பொரியல், கடையல் எதுவானாலும் வெந்துவிட்டால் பயமில்லை. பயப்பட வேண்டியது பச்சையாகச் சேர்ப்பதற்குத்தான்.

2. கொத்தமல்லியையும் புதினாவையும் இறக்கிய பிறகு தூவாமல், கொதிக்கும்போதே போடுங்கள். சட்னிக்கு வதக்கி அரையுங்கள். வாசனை கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

3. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் வேரையும் வெளி இலைகளையும் நீக்கி, குழாயடியில் ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துத் தேய்த்து அலசுங்கள். காய்கறி கழுவ என்றே விற்கும் குளோரின் திரவத்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். மஞ்சள் தூளையும் உப்பையும் மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் கூடவே கூடாது.

4. கீரை ஆய்ந்த கையோடு குழந்தைக்கு ஊட்டாதீர்கள். கீரை நறுக்கிய அதே அரிவாள்மனையில் கழுவாமல் வெள்ளரிக்காயோ பழமோ நறுக்காதீர்கள். கிருமி கைமாற இதுவும் ஒரு வழி.

5. கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கும் வீட்டில், எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று தெரியாத எதையும் பச்சையாகப் பரிமாறாதீர்கள். தெருக்கடைப் புதினாத் தண்ணீரையும் வெங்காயத் தூவலையும் அவர்கள் தவிர்க்கட்டும்.

6. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் அதை வாங்கவே கூடாது. சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். அவை வைரஸ் நோய்கள், மருந்து கேட்காது. மிஞ்சிய மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். அது போய்ச் சேரும் இடம் எது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும்

வாய்க்கால் நீரைச் செடியின் தலையில் வாரி இறைக்க வேண்டாம். சொட்டுநீராக வேரடியில் விட்டால், தாழ்ந்து வளரும் பயிரிலேயே கிருமி நூற்றில் ஒன்றாகக் குறையும். உயர்ந்து வளரும் பயிரில் இன்னும் குறையும். வெயிலும் காற்றும் இலைமேல் இருக்கும் கிருமியை நாளுக்கு நாள் கொல்லும். அதனால் அறுவடைக்கு முந்தைய சில நாட்களாவது நல்ல தண்ணீர் பாய்ச்சப் பாருங்கள். அறுத்த கீரையை வாய்க்காலில் அலசவே அலசாதீர்கள். மண் போகும், கிருமி ஏறும். கோழி எருவைப் பச்சையாகப் போடாமல் மக்க வைத்துப் போடுங்கள். வயலில் வேலை செய்துவிட்டு வந்ததும் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள். மற்ற எல்லோரையும்விட இந்தத் தண்ணீரில் அதிகம் நனைவது நீங்கள்தான்.

அரசு செய்ய வேண்டியது

கழுவுவதும் வேகவைப்பதும் தற்காப்பு மட்டுமே. ஊற்றுக்கண்ணை அடைக்க வேண்டியவர்கள் அரசும் வாரியங்களும்.

முதலில், பாசன நீருக்குக் கிருமி வரம்பு வேண்டும். பச்சையாக உண்ணும் பயிர்களுக்குத் தனி வரம்பு வேண்டும்.

அடுத்தது சோதனை. கொசஸ்தலை, பக்கிங்ஹாம் கால்வாய், ஆரணியாறு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் அனைத்திலும் மருந்து எதிர்ப்பு ஈ.கோலியை மாதந்தோறும் சோதித்து, முடிவை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இதற்குக் கோடிகளைக் கொட்ட வேண்டாம். இ.எஸ்.பி.எல். ஈ.கோலி என்ற ஒரே கிருமியை மனிதரிடம், உணவில், தண்ணீரில் என மூன்று இடத்திலும் எண்ணிக் கண்காணிக்கும் எளிய முறையை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வகம் போதும். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, தரமணியில் என்.டி.எம்-1 ஆய்வு நடந்த வளாகம் இருக்கிறது. அறிவுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

மூன்றாவது, ஆஸ்பத்திரிக் கழிவுநீர் பொதுச் சாக்கடையில் கலக்கும் முன் அதே வளாகத்தில் சுத்திகரிக்கப்பட வேண்டும். பெரிய மருத்துவமனை, சின்ன நர்சிங் ஹோம் என்ற வித்தியாசமே கூடாது.

நான்காவது, மருந்து ஆலைக் கழிவு. ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவையே அது மிஞ்சியது. நம் காவிரியிலும் சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகளின் எச்சம் இருப்பதை, 22 இடங்களில் இரண்டு ஆண்டுகள் மாதிரி எடுத்து ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2021-ல் சொன்னது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு உச்சவரம்பு வைத்து வரைவு விதி வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் காணாமல் போயின. 2024-ல் உலக சுகாதார நிறுவனமே இதற்கென வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. இனியும் ஆலைகளுக்குத் தயவு காட்ட என்ன காரணம் மிச்சமிருக்கிறது?

ஐந்தாவது, கொடுங்கையூரில் ஆலைக்குக் கொடுப்பது போலவே, கிருமி நீக்கிய மறுசுழற்சி நீரை விவசாயத்துக்கும் ஒதுக்க வேண்டும். ஆர்.ஓ. வரை போகத் தேவையில்லை. நன்றாகச் சுத்திகரித்துக் கிருமி நீக்கிய நீர் கிடைத்தாலே எந்த விவசாயியும் சாக்கடையைத் தேடிப் போக மாட்டார்.

தானாக எதுவும் நடக்காது. உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எங்கள் கீரைக்குப் பாயும் தண்ணீரில் மருந்துக்கு அடங்காத கிருமி எவ்வளவு இருக்கிறது?" பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குடியிருப்போர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் விவசாயிகளும் சேர்ந்தே கேளுங்கள். எண்ணெய் வந்தபோது திரண்ட வட சென்னை இதற்கும் திரள வேண்டும். எண்ணெயை வாரி அள்ள முடிந்தது. மருந்துகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போனால், அவற்றை எந்த வாளியாலும் மீட்க முடியாது.